செம்பு பிடிக்கிற கை

சௌந்திரத்தின் கையிலிருந்து நழுவிய பால் கேன் விழுந்த சத்தம் பரமத்தி வேலூர் சந்தை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். தோட்டத்துக்கும் சந்தைக்கும் நடுவே இரண்டு மைல் தூரம், ஒரு வாய்க்கால், கண்ணுக்கெட்டிய வரை வெற்றிலைக் கொடிக்கால். ஆகவே சத்தம் கேட்டிருக்காது. ஆனால் சேதி கேட்டுவிட்டது. கேனைவிட வேகமாக உருண்டு, நாமக்கல்லைத் தாண்டி, புதுச்சத்திரத்தில் அவள் பிறந்த வீட்டு வாசலில் போய்த்தான் அது நின்றது.

பதினெட்டு வருஷமாகக் காலையில் நாலு எருமை, சாயங்காலம் அதே நாலு எருமை. கல்யாணமாகி வந்த மறுநாள் கறக்க உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருஷமாக அவளுடைய வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் விடிகாலையில் செத்துக் கிடக்கும். முதலில் எறும்பு ஊரும், பிறகு ஊசி குத்தும், பிறகு அவை யாருடைய விரல்களோ என்று ஆகிவிடும். எழுந்து உட்கார்ந்து கையை உதறு உதறென்று உதறுவாள். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அது ஓரமாகச் சொகுசாக இருந்தது.

வெறும் கை என்றால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இரண்டு வருஷமாகக் கவலைப்படவும் இல்லை. இப்போது திடீரென்று அந்தக் கைக்கு ஒரு வேலை வந்துவிட்டது. தம்பி நாச்சிமுத்துவுக்குக் கல்யாணம். இன்னும் பதினாறே நாள்.

கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்யாமல் ஒரு அடி நகர முடியாது. கூடப் பிறந்தவள் பட்டுடுத்தி, தலையில் சீர்க்கூடையும் வலது கையில் நீர் நிறைந்த செம்புமாக வந்து மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும். நீர் தளும்பினால் கூடியிருக்கிற ஒறம்பரைச் சொந்தங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். செம்பே விழுந்தால் என்ன என்பதை இதுவரை யாரும் சொல்லி முடித்ததில்லை. "செம்பு கிம்பு உழுந்துட்டா..." என்று ஆரம்பித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு நிறுத்திவிடுவார்கள்.

கூடப் பிறந்தவள் சௌந்திரம் ஒருத்திதான். அவளால் முடியாவிட்டால் அடுத்த உரிமை பெரியப்பா மகள் காளியாத்தாளுக்கு. புதுச்சத்திரத்திலேயே வாக்கப்பட்டவள், மரவள்ளிக் கிழங்கு மில்லுக்காரர் வீட்டுக்காரி. நாச்சிமுத்து தொட்டிலில் கிடந்த காலத்திலேயே இணைச்சீருக்கு ஜாக்கெட் தைத்து வைத்துவிட்டாள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மூன்று வாரத்துக்கு முன் கேன் விழுந்த மறுநாளே அவள் பஸ் பிடித்து வந்து, சௌந்திரத்தின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்னென்ன மருந்து போட்டாய், எது கேட்டது, எது கேட்கவில்லை என்று விவரமாக விசாரித்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வாரம் இரண்டு தடவை வந்தாள். கழுகு வட்டம் போடுகிறது என்றான் தோட்டத்துப் பண்ணையாள் பொன்னன்.

கந்தப்பன் சௌந்திரத்தின் வீட்டுக்காரர். கொடிக்காலில் ஒரு வெற்றிலை வாடினால் மூன்று ஊர் தாண்டிப் போய் மருந்து கேட்டு வருகிற மனுஷன். மனைவி கையை மட்டும் அது தானாகச் சரியாகும் என்று இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண நாள் குறித்ததும் விழித்துக்கொண்டார். மூன்று வாரத்தில் அந்தக் கைக்கு அவர் செய்வித்த வைத்தியத்தில் ஒரு யானையை எழுப்பி நடக்க விட்டிருக்கலாம். நொச்சி ஒத்தடம், வேப்பெண்ணெய், கோழிக் கொழுப்பு, திருச்செங்கோட்டிலிருந்து மந்திரித்த கயிறு. ஒருவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் உப்பைக் கையில் கட்டச் சொன்னார். சௌந்திரம் எல்லாவற்றுக்கும் கையை நீட்டினாள். நீட்டி நீட்டியே அலுத்துப்போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எலும்புக் கட்டுக் கட்டுகிற செங்கோடன் வந்தார். மணிக்கட்டை அமுக்கிப் பார்த்து, பிசகு என்றார். பண்ணை முட்டை ஒரு டஜன் உடைத்து வெள்ளைக்கரு எடுத்து, உளுந்து மாவில் குழைத்துத் துணியில் தடவினார். மணிக்கட்டை உள்பக்கமாக வளைத்து, மூங்கில் பத்தை வைத்துச் சுற்றினார். கந்தப்பன் சும்மா இருந்திருக்கலாம். செம்பு பிடிக்க வேண்டிய கை, கொஞ்சம் எச்சாகவே இறுக்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். செங்கோடன் இன்னொரு சுற்றுச் சுற்றினார். ஏழு நாள் பிரிக்கக் கூடாது, பிரித்தால் கை கோணிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை விடிந்தபோது கட்டு சிமெண்டாக இறுகியிருந்தது. கட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த விரல்கள் ஐந்தும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. சொகுசாக இருந்த சுண்டுவிரலும் இப்போது கூட்டத்தில் சேர்ந்துவிட்டது.

பிரித்துவிடுங்கள் என்றாள் சௌந்திரம். ஏழு நாள் என்றார் கந்தப்பன். விரல் கறுத்துப்போச்சு என்றாள். மருந்து இறங்குகிறது என்றார். அதற்குமேல் அவரிடம் பேசுவதில் பிரயோஜனம் இல்லை என்று, அவள் எழுந்து எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

தொட்டியோரத்தில் மோழை நின்றது. நாலு எருமைகளில் மூத்தது, கொம்பில்லாதது, குணமும் இல்லாதது. தண்ணீரை முகர்ந்தது, பிடிக்கவில்லை. சௌந்திரத்தின் கையை முகர்ந்தது. பத்து வருஷமாகப் பருத்திக்கொட்டையும் தவிடும் தின்று அலுத்த நாக்குக்கு முன்னால், ஒரு டஜன் முட்டையும் ஒரு படி உளுந்தும் கட்டாகக் கட்டித் தொங்கினால் அது என்ன செய்யும்? நாக்கை நீட்டியது.

சௌந்திரம் கையை இழுத்துக்கொள்ளப் போனாள். பிறகு ஒரு யோசனை வந்தது. தொட்டித் தண்ணீரில் கட்டை முக்கி ஊறவைத்து, மறுபடி நீட்டினாள். ரம்பம் போன்ற நாக்கு. கால் மணி நேரத்தில் மேல்சுற்று போயிற்று. கால் முழத் துணியும் கூடவே போயிற்று. மூன்று வாரத்தில் அந்தக் கைக்குச் சரியான வைத்தியம் செய்த முதல் ஜீவன் மோழைதான்.

கந்தப்பன் ஓடிவந்தார். துணி தின்றால் எருமைக்கு வயிறு கட்டிக்கொள்ளுமே என்று பதறி, மோழையின் வாய்க்குள் முழங்கை வரை விட்டு இழுத்தார்.

"அது வகுத்தப் பாக்கறீங்க. இந்த வெரலப் பாருங்க" என்றாள் சௌந்திரம்.

அவர் பார்த்தார். கொடிக்கால் கத்தியை எடுத்துவந்து மூங்கில் பத்தைகளை அறுத்தெடுத்தார். ரத்தம் திரும்ப ஓடியபோது விரல்களில் ஏறிய குடைச்சலுக்கு அவள் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குக் கறவைக்குக் கந்தப்பன் உட்கார்ந்தார். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முதல் எருமை பாலை விடாமல் மடிக்குள் ஏற்றிக்கொண்டது. இரண்டாவது, பாத்திரத்தை உதைத்தது. மூன்றாவது பாத்திரத்தை விட்டுவிட்டு அவரை உதைத்தது. மோழையிடம் அவர் போகவே இல்லை. கடைசியில் சௌந்திரமே உட்கார்ந்து, உணர்ச்சியில்லாத மூன்று விரல்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தி, நாலையும் கறந்து முடித்தாள். எழுந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேலத்துக்குப் போகலாம் என்றாள்.

சேலத்தில் டாக்டர் வீரபாகு என்று ஒருவர் இருப்பதாக நாச்சிமுத்து சொல்லியிருந்தான். அவன் போர் போடுகிற ரிக் வண்டியில் ஆபரேட்டர். அவனுடைய முதலாளி சம்சாரத்துக்கு இதே மாதிரி விரல் மரத்து, அவரிடம் காட்டிச் சரியானதாம். அட்ரஸ் எழுதிய சீட்டு கந்தப்பனின் சட்டைப் பையில் மூன்று வாரமாக இருந்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்தும் எழுத்து அழியவில்லை.

பஸ்ஸில் நாமக்கல் போவதற்குள் நாலு பேர் அவள் கையைப் பார்த்து நாலு வைத்தியம் சொன்னார்கள். ராசிபுரம் தாண்டும்போது கண்டக்டரும் ஒன்று சொன்னார். கந்தப்பன் எல்லாவற்றையும் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார். சௌந்திரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் வீரபாகுவுக்குத் தலை முழுக்க நரை, முகம் முழுக்க அலுப்பு. சௌந்திரத்தின் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆம்லெட் வாசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கந்தப்பன் கட்டு விவரம் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, கொஞ்ச நேரம் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார்.

பிறகு இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒரு நிமிஷம். சௌந்திரத்தால் இருபது எண்ணும் வரைக்கும்கூட முடியவில்லை. விரல்களில் தேள் ஏறியது.

"மடக்கினா உள்ள நரம்பு நசுங்குது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நான் ஒரு நிமிஷம் மடக்கச் சொன்னேன். உங்க ஆளு ராத்திரி பூரா மடக்கியே கட்டிட்டாரு" என்றார்.

மணிக்கட்டில் ஒரு சின்னப் பாதை இருக்கிறது, கீழே எலும்பு, மேலே கெட்டியான பட்டை, நடுவில் விரலை மடக்குகிற ஒன்பது கயிறுகள் போகின்றன, அதே சந்தில் ஒரு நரம்பும் போகிறது என்று விளக்கினார். ஓயாமல் பிடித்துப் பிசைந்து வேலை செய்தால் கயிறுகளைச் சுற்றி வீங்கும். இடம் பற்றாமல் நரம்பு நெரியும்.

கந்தப்பனுக்கு அதுவரை எதுவும் ஏறவில்லை. இப்போது சட்டென்று முகம் வெளிச்சமானது.

"போர்க் குழியில எறக்கற கேசிங் பைப்புக்குள்ள மோட்டார் ஒயரு நசுங்கற மாதிரிங்களா?"

டாக்டர் அவரை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். அதேதான் என்றார்.

"அப்பக் கேசிங்க அறுத்துத்தானுங்க உடோணும்."

அறுப்பதைப் பற்றியும் டாக்டர் சொன்னார். அதற்குமுன் மற்ற வழிகளைச் சொன்னார். ஆரம்பத்தில் வந்திருந்தால், மணிக்கட்டை நேராக நிறுத்துகிற பட்டை ஒன்றை ராத்திரியில் போட்டுக்கொண்டு, கறவையை நிறுத்தினால் போதும், பாதிப் பேருக்கு அதிலேயே அடங்கிவிடும். அடுத்தது ஊசி. மணிக்கட்டிலேயே போடுவது. வீக்கம் வடியும், சில வாரமோ சில மாதமோ வலி குறைந்திருக்கும், பலருக்குத் திரும்பி வரும். மூன்றாவது ஆபரேஷன். கையை மட்டும் மரத்துப்போக வைத்து, உள்ளங்கையில் ஒன்றரை அங்குலம் கீறி, அந்தப் பட்டையை அறுத்துவிடுவது. அரை மணி நேர வேலை. பன்னிரண்டு நாளில் தையல் பிரிக்கலாம். ஆனால் ஒன்றரை மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, கறக்கவே கூடாது. பிடி பழைய மாதிரி வர மூன்று நாலு மாதம் ஆகும்.

சௌந்திரம் தனக்கு எது என்று கேட்டாள்.

டாக்டர் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் மலர்த்தி வைத்தார். இடது கையில் பெருவிரலின் அடிமேடு உப்பலாக இருந்தது. வலது கையில் அந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. இரண்டு வருஷமாக அந்தக் கையை எத்தனையோ பேர் பிடித்து, அமுக்கி, நீவி, கட்டியிருக்கிறார்கள். ஒருவரும் அதை இன்னொரு கையோடு சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. அவளே பார்க்கவில்லை.

"சதை வத்திப்போச்சும்மா. நரம்பு செத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். என்னைக் கேட்டா ஆபரேஷன்தான். இன்னும் நாள் கடத்தினா, அறுத்தாலும் இந்த மேடு திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

கந்தப்பன் கல்யாணத்தைச் சொன்னார். செம்பைச் சொன்னார். இப்போது ஊசி போட்டு, செம்பு பிடித்து முடித்து, அப்புறம் அறுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்ட விதத்தில் நியாயம் இருந்தது. டாக்டரும் நியாயமாகவே பதில் சொன்னார். மூன்று வாரம் தள்ளினால் பெரிய கெடுதல் இல்லை, மூன்று மாதம் தள்ளக் கூடாது. ஆனால் ஊசியில் வலி குறைந்துபோனவர்கள் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்து தான் பார்த்ததே இல்லை என்றார். வெள்ளிக்கிழமை அவருக்கு ஆபரேஷன் நாள். வருவதென்றால் எட்டு மணிக்கு வந்துவிட வேண்டும். முடிவு உங்களுடையது என்று சௌந்திரத்தைப் பார்த்துச் சொன்னார்.

முடிவு அவளுடையது என்று அவளிடம் ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்கு உடனே பதில் வரவில்லை. கந்தப்பனுக்கு வந்தது. ஊசிக்கு வருகிறோம் என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியில் புதுச்சத்திரத்தில் இறங்கினார்கள். கல்யாண வீடு பந்தலுக்கு முந்தின கட்டத்தில் இருந்தது. அதாவது, எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள், ஒரு வேலையும் ஆகவில்லை. நாச்சிமுத்து ஆந்திராவில் போர் போட்டுவிட்டு முந்தின நாள்தான் வந்திருந்தான். பாறைத் தூசி இன்னும் காதிலிருந்து போகவில்லை. அக்காவைக் கண்டதும் ஓடிவந்தான்.

கந்தப்பன் டாக்டர் சொன்னதையெல்லாம் கேசிங் பைப்பை வைத்து மைத்துனனுக்கு விளக்கினார். ரிக்காரனுக்கு ஒரு நொடியில் புரிந்தது. இருவரும் ஊசியே சரி என்று தீர்மானித்தார்கள். ஊசி போட்டு, செம்பு பிடித்து, கல்யாணம் முடிந்த மறு வாரம் ஆபரேஷன். எல்லாருக்கும் நல்லது.

சௌந்திரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி வைத்து, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வெள்ளிக்கெழமை அறுத்துக்கறேன்" என்றாள்.

கந்தப்பன் சிரித்தார். மூன்று வாரம் தள்ளலாம் என்று டாக்டரே சொன்னாரே என்றார்.

"டாக்டருக்கு மூணு வாரம்னா மூணு வாரம். நம்மூட்டுல மூணு வாரம்னா எத்தனைன்னு அவருக்குத் தெரியாது. கொடிக்கால் கட்டி முடியட்டும்னீங்க. ஆடி நோம்பி போவட்டும்னீங்க. மோழை ஈனட்டும்னீங்க. அது ஈன கன்னே என்ற இடுப்பு ஒசரம் வளந்துருச்சு. கல்யாணம் முடிஞ்சா மறுவீட்டு விருந்து. அப்புறம் கரும்பு வெட்டு. இந்தக் கை எப்பப் போறது?"

சொன்னது அத்தனையும் நடந்தது. கந்தப்பன் மறுக்க வாயெடுத்து, கன்றின் உயரத்தை நினைத்துப் பார்த்து, மூடிக்கொண்டார்.

நாச்சிமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. பத்து வயது இளையவன். அம்மா சீக்கில் கிடந்த காலத்தில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் எல்லா வேலையும் செய்தாள். அவனுடைய செம்பை இன்னொருத்தி பிடிப்பதை ஒறம்பரையோடு நின்று பார்க்க வேண்டும் என்பது, உள்ளங்கையைக் கீறுவதைவிட அதிகமாகவே வலிக்கிற சமாச்சாரம்.

சரியாக அந்த நேரத்தில் காளியாத்தாள் காப்பித் தட்டோடு வந்தாள். சேலத்துக்குப் போன சேதி அவளுக்கு அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

சௌந்திரம் மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு, திருப்பி வாங்க முடியாதபடி சொல்லிவிட்டாள்.

"காளியக்கா, நாச்சிமுத்துக்கு நீ செம்பு புடி."

காளியாத்தாள் இதற்காக இருபத்தாறு வருஷம் காத்திருந்தாள். ஊரே சாட்சி. இந்தக் கணத்தில் அவள் தட்டை வைத்துவிட்டு ஒரு கும்மி அடித்திருக்க வேண்டும். அவளோ தட்டை வைத்துவிட்டு மேலே விட்டத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாஞ் சாமி" என்றாள்.

அந்த வார்த்தைக்குப் புதுச்சத்திரம் ரோட்டில் போன லாரியெல்லாம் ஒரு கணம் நின்றிருந்தால்கூட ஆச்சரியப்படுவதற்கில்லை. நாச்சிமுத்து காதிலிருந்த பாறைத் தூசியைக் குடைந்தான். கந்தப்பன் காப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

காளியாத்தாள் காரணம் சொன்னாள். கூடப் பிறந்தவள் இருக்கும்போது தான் பிடிப்பது முறையில்லை என்றாள். அதற்குப் பிறகு, முழங்கால் வலி என்றாள். செம்பைக் காலால் பிடிப்பதில்லையே என்று நாச்சிமுத்து கேட்டதும், அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டேன் என்றாள். தம்பி கல்யாணத்தன்று எந்த ஊருக்குப் போகப்போகிறாள் என்பதற்கு அவளிடம் பதில் தயாராக இல்லை. பேச்சோடு பேச்சாக வலது கையைத் தொங்கவிட்டு, தண்ணீர் தெறிப்பதைப் போல இரண்டு உதறு உதறினாள்.

மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. சௌந்திரம் கவனித்தாள். அப்படி உதறுகிறவர்கள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

எழுந்துபோய், பெரியப்பா மகளின் இரண்டு புறங்கைகளையும் பிடித்துச் சேர்த்து, விரல்களைக் கீழே பார்க்கத் திருப்பி, மணிக்கட்டை மடக்கிப் பிடித்தாள். என்னவென்று புரியாமல் காளியாத்தாள் நின்றாள். சௌந்திரம் நிதானமாக எண்ணினாள். பன்னிரண்டு வரைக்கும் போனது. பதின்மூன்றில் காளியாத்தாள் கையைப் பிடுங்கிக்கொண்டு, சௌந்திரத்தையும், அவள் எருமைகளையும், சேலத்து டாக்டரையும் சேர்த்துத் திட்டினாள்.

"எத்தன நாளாக்கா?"

"ஒன்றரை வருசமாச்சு." காளியாத்தாளின் குரல் இறங்கிவிட்டது. "மில்லுல கெழங்கு சீவயில கத்தி நழுவுது. ஆருகிட்டச் சொல்லறது? சொன்னா கெழங்கு ஆரு சீவறதுன்னுதான் கேப்பாங்க."

அப்போதுதான் சௌந்திரத்துக்கு விளங்கியது. வாரம் இரண்டு தடவை பஸ் பிடித்து வந்து எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்று விசாரித்தாளே, அது கழுகு வட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்குத் தேவைப்பட்ட மருந்தைத் தேடித்தான் வந்திருக்கிறாள். செங்கோடனின் கட்டை அடுத்த வாரம் தானும் கட்டிக்கொள்வதாக இருந்தாளாம். மோழைக்கு இரண்டாவது விருந்து தப்பிப்போயிற்று.

சௌந்திரம் அவளைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய இரண்டு உள்ளங்கைகளையும் மலர்த்திப் பார்த்தாள். வலது மேடு இன்னும் வற்றவில்லை. உனக்கு ராத்திரிப் பட்டையிலேயே அடங்கினாலும் அடங்கும், எதற்கும் வெள்ளிக்கிழமை கூட வா, காட்டிவிடலாம் என்றாள். வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டாள் காளியாத்தாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போவதாகச் சொல் என்றாள் சௌந்திரம். அது எடுபடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கை என்றால் விடமாட்டார்கள், புடவை என்றால் விடுவார்கள்.

நாலரை மணி பஸ்ஸின் ஹாரன் ரோட்டுமுனையில் கேட்டது. கந்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எந்திரி. எருமைக்கு நேரமாச்சு."

பதினெட்டு வருஷமாக இந்த வார்த்தை கேட்டதும் அவள் கால்கள் தாமாக எழுந்துகொள்ளும். யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும், இலையில் பாதிச் சோறு இருந்தாலும். இன்றைக்கும் கால்கள் எழப் பார்த்தன. அவள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போங்க. நான் வெள்ளிக்கெழமை வரைக்கும் இங்கதான் இருக்கறேன்."

"நான் போயி?"

"கறக்கோணும்."

"அதுக உடாது புள்ள. காலைல பாத்தயல்ல?"

"ஒதைக்குந்தான். அப்பறம் பழகிக்கும். மொத வருசம் என்னையுந்தான் ஒதைச்சுது. நான் உங்ககிட்ட வந்து சொன்னனா?"

கந்தப்பன் நின்றார். ஹாரன் மறுபடி அடித்தது. இந்தப் பேச்சை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எருமைகள் நாளை வரைக்கும் காத்திருக்காது என்பதும் எழுதியிருந்தது. எத்தனை மணிக்கு முதலில் எதைக் கறப்பது என்று கேட்டார். மோழையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கன்றை முதலில் விடுங்கள், நகத்தை வெட்டிக்கொண்டு உட்காருங்கள் என்றாள். அவர் மூன்றையும் முணுமுணுத்துக்கொண்டே ஓடினார். வாசலைத் தாண்டும்போது, பத்து விரல்களையும் முகத்துக்கு நேராக விரித்துப் பார்த்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. கியர் மாறியது. ரோட்டுத் திருப்பம் தாண்டி அந்தச் சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் சௌந்திரம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு விட்டாள்.

நாச்சிமுத்து இரண்டு அக்காக்களையும், அவர்கள் மடியில் வரிசையாக மலர்ந்து கிடந்த நாலு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். ஒறம்பரைக்குப் பத்திரிகை போய்விட்டது. மண்டபம் சொல்லியாயிற்று. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சீர் விவரம் பேச வருகிறார்கள். வந்ததும் முதலில் கேட்கப்போவது இணைச்சீருக்கு யார் என்பதைத்தான்.

"அப்ப என்ற செம்ப ஆருக்கா புடிக்கறது?"

சௌந்திரம் தம்பியை இழுத்துக் கட்டில் காலடியில் உட்காரவைத்தாள். இடது கையால் அவன் காதோரத் தூசியைத் துடைத்துவிட்டாள்.

"செம்புக்குப் பதினாறு நாள் இருக்குது சாமி. கைக்கு ரெண்டு நாள்தான் இருக்குது."